திருப்பணியும் கணக்கும்



ஆவணி மூல நன்னாளில் மதுரையம்பதியில் நிகழும் பிட்டுத் திருவிழாவை நாம் அனைவரும் அறிவோம். வைகை பெருகிக் கரையை உடைத்தது. கரையை அடைக்கப் பாண்டியன் ஆணையிட்டான். ஊரார் ஒவ்வொருவருக்கும் கரையில் இன்னது பங்கு என்று அளந்து விடப்பட்டது. ஆள் துணையற்ற வந்திக் கிழவிக்காகப் பெருமானே கூலியாளாய் எழுந்தருளி, உதிர்ந்த பிட்டை அமுது செய்து, ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுது போக்கினார். அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி எல்லா உயிர்களின்மேலும் பட்டது. இவ்வரலாற்றைப் பெருமானின் எளிவந்த கருணையை எண்ணியே நாம் கேட்டு உருகுகின்றோம். அது முறையே. எனினும், இதனுள் நாம் அதிகம் கருதாத செய்தி ஒன்றும் உண்டு.

கண்காணிகள் கரை முழுவதும் முடிந்த பிறகு வந்து கணக்குப் பார்த்தார்களா? இல்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பங்கு பங்காகப் பார்த்து வந்தனர். அதனாலன்றோ, மற்றவர் பங்குகள் எல்லாம் அடைபட்டிருக்க, வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமற் கிடந்தது அவர்கள் கண்ணில் பட்டது! அடைபடாத பங்கு ஒன்றே போதும், அடைபட்ட அத்தனை பங்குகளையும் வெள்ளம் கொண்டு போவதற்கு. வெள்ளம் வடிந்த பிறகு செய்யும் ஆராய்ச்சியால் யார் குற்றவாளி என்பது விளங்கலாம், ஊர் பிழைக்குமா?

பொதுப்பணத்தால் நடைபெறும் கட்டடப் பணிகளை, அவை நடக்கும்போதே தணிக்கை செய்தல் என்பது இக்காலத்து அரசியல் அறிஞர் பெரிதும் பேசும் பொருள். ஆனால் இது புதிய பொருளன்று. உலகில் இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய, மிகத் தெளிவான சான்றுகளுள் சில, கோயில் கட்டிய கணக்குகளாகவே இருக்கின்றன. அவை கல்லில் வெட்டப்பட்டவை. அக்கோயில்கள் நம் நாட்டில் உள்ளவை அல்ல. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரத்தில் உள்ளவை. கோயில் எங்கிருந்தாலும் கோயிற்பணம் பொதுப்பணமே ஆதலின், அவ்வரலாறு நமக்கும் பாடமாகும்.

கி.மு. 480-இல் பாரசீகப் படை ஏதென்ஸ் நகரைக் கொளுத்தியது. குன்றின்மேல் இருந்த கோயில்கள் அழிந்தன. ஒரு தலைமுறை கழித்து, பெரிக்ளிஸ் என்னும் தலைவரின் காலத்தில், கி.மு. 447-இல் அதீனா தேவிக்குப் பார்த்தெனான் என்னும் பெருங்கோயில் எடுக்கத் தொடங்கினர். இக்டினஸ், காலிக்ராட்டிஸ் என்போர் தலைமைக் கட்டடக் கலைஞர்கள். பிடியாஸ் என்னும் சிற்பியார் தேவியின் திருவுருவத்தைச் செய்தார். கி.மு. 438-இல் திருவுருவம் நிறுவப்பெற்றது. சிற்ப வேலைகள் கி.மு. 432 வரை நடந்தன. பதினைந்து ஆண்டுப் பணி அது.

இப்பதினைந்து ஆண்டுகளிலும், பணியை மேற்பார்க்க ஆண்டுதோறும் ஒரு குழு அமர்த்தப்பட்டது. ஒவ்வோர் ஆண்டுக் குழுவும் தன் வரவையும் செலவையும் ஒரு பெரிய பளிங்குப் பலகையில் வெட்டியது. முந்திய குழுவினிடமிருந்து பெற்ற இருப்பு இவ்வளவு. தேவியின் கருவூலத்தார் தந்தது இவ்வளவு. கூட்டு நாடுகளின் நிதிக்குப் பொறுப்பான அதிகாரிகள் தந்தது இவ்வளவு. மிஞ்சிய பொன்னையும் தந்தத்தையும் விற்று வந்தது இவ்வளவு. செலவிலோ, பெந்தெலிக்கஸ் மலையில் கல் வெட்டியவர்க்கு இவ்வளவு. கல்லை வண்டியேற்றிக் கொணர்ந்தவர்க்கு இவ்வளவு. முகப்புச் சிற்பம் செய்தவர்க்கு இவ்வளவு. இப்பலகை இன்று உடைந்த துண்டுகளாகவே கிடைக்கின்றது. அத்துண்டுகளிலும் ஒரு சிறு செய்தி நம் உள்ளத்தைத் தொடுகின்றது. லாம்ப்சகஸ் நகரத்துப் பொற்காசுகள் 70, கிசிகஸ் நகரத்துப் பொற்காசுகள் இருபத்தேழும் ஆறில் ஒரு பங்கும், செலவாகாமல் ஒரு குழுவிடமிருந்து அடுத்த குழுவுக்குக் கைமாறி வந்தன. அவற்றை ஒவ்வொரு குழுவும் மறவாமல் எழுதியது. அந்த ஆறில் ஒரு பங்கைக்கூட விட்டுவிடவில்லை. பெருங்கோயில் எடுக்கும் பணியில் காசின் ஆறில் ஒரு பங்கு ஒரு பொருட்டா என்று கேட்பார் உளர். அச்சிறு பங்கு எழுதப்படாத நாளில்தான் பெருந்தொகையும் வழுக்கத் தொடங்குகின்றது.

இனி, தேவியின் திருவுருவத்தில் இருந்த பொன்னைப் பற்றிக் கேளுங்கள். அதன் மேனி தந்தம். ஆடையும் அணியும் பொன். அப்பொன் 40 தாலந்து என்று தூசிடிடீஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். நம் அளவையில் அது ஏறத்தாழ ஆயிரம் கிலோ. இவ்வளவு பொன்னையும் பிடியாஸ் எப்படி அமைத்தார் தெரியுமா? வேண்டும்போது கழற்றி எடுத்து நிறுத்துப் பார்க்கத்தக்கவாறு அமைத்தார். அவ்வாறு செய்யும்படி முன்னரே யோசனை கூறியவர் பெரிக்ளிஸ் என்று புளூட்டார்க் என்னும் பிற்கால ஆசிரியர் கூறுகின்றார்.

பெரிக்ளிஸின் பகைவர்கள் பிடியாஸின்மேல் வழக்குத் தொடுத்தனர். அவருடன் வேலை செய்த ஒருவனே, பொன்னைத் திருடினார் என்று குற்றஞ்சாட்டினான். பெரிக்ளிஸ், “பொன்னைக் கழற்றி நிறுத்துப் பாருங்கள்” என்னும் கருத்துப்படக் கூறினார். திருட்டு மெய்ப்படவில்லை. தராசு ஒரு நல்ல சிற்பியைப் பழியிலிருந்து காத்தது.

அன்பர்களே, இங்கு நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். கணக்குக் கேட்பது அவநம்பிக்கை, கோயிற்பணி செய்வாரை ஐயுறுவது பாவம் என்று எண்ணும் நல்லவர் நம்மிடையே பலர். அவர்கள் பிடியாஸின் வழக்கை நினைவு கொள்ளட்டும். அவர் களவாடவில்லை என்று அவருடைய நண்பர்கள் ஆயிரம் சத்தியம் செய்திருந்தாலும் ஊர் நம்பியிராது. நிறுத்துப் பார்க்க வழி இருந்தது, அதனால் தப்பினார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. தேவியின் கேடயத்தில் தம் உருவத்தையும் பெரிக்ளிஸின் உருவத்தையும் பொறித்தார் என்று அடுத்த குற்றச்சாட்டு எழுந்தது. அதற்குத் தராசு ஏது? சிறைப்பட்டு, அங்கேயே மடிந்தார் என்பது புளூட்டார்க் கூற்று. ஒலிம்பியா சென்று சீயஸ் திருவுருவம் செய்தார் என்று வேறொரு வழக்கும் உண்டு. எவ்வாறாயினும், அளக்கக்கூடிய பொருளில் அவர் நீதி பெற்றார்; அளக்க முடியாத பொருளில் வதந்திக்கு இரையானார். எனவே கணக்கு நேர்மையானவனுக்குப் பகையன்று. அவனுக்கு அதுவே கவசம்.

பார்த்தெனான் செல்வம் பெருகியிருந்த காலத்துப் பணி. வறுமைக் காலத்தில் இம்முறை தளர்ந்ததா? அதற்கு விடை அதே குன்றின்மேல் நிற்கும் எரெக்தியான் என்னும் சிறு கோயில். ஏதென்ஸ் கி.மு. 413-இல் சிசிலித் தீவில் தன் பெரும்படையை இழந்தது. போர் நடந்துகொண்டிருந்தது, கருவூலம் வற்றியது, கோயில் வேலை பாதியில் நின்றது. கி.மு. 409-இல் அதனை மீண்டும் தொடங்க மக்கள் மன்றம் முடிவு செய்தது. உடனே உளியை எடுத்தார்களா? இல்லை. முதலில் இருந்த நிலையைக் கல் கல்லாகப் பார்த்து எழுதினார்கள். அவ்வறிக்கை வெட்டிய கல் இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதில் என்ன எழுதியுள்ளது? 4 அடி நீளமும் 2 அடி அகலமும் ஒன்றரை அடி கனமும் உள்ள இத்தனை கற்கள் இன்ன இடத்தில் ஏற்றப்படாமல் உள்ளன; இன்ன தூண்களுக்கு நெடுவரி வெட்டப்படவில்லை; இன்ன சுவர் இழைக்கப்படவில்லை; கன்னியர் உருவங்கள் தாங்கும் மண்டபத்தின் கூரைக் கற்களில் மேற்புற வேலை எஞ்சியுள்ளது. முடிந்தது இது, அரைகுறை இது, தரையில் கிடப்பது இது என்று மூன்றும் பிரிந்து நிற்கின்றன. புதிதாகப் பொறுப்பேற்பவர், “முன்னிருந்தவர் விட்டுச் சென்றது எனக்குத் தெரியாது” என்று சொல்ல இடமில்லை. முன்னிருந்தவரும், “நான் முடித்துவிட்டேன், பிறகு வந்தவர் கெடுத்தார்” என்று சொல்ல இடமில்லை.

பிறகு வேலை தொடங்கியது. ஏதென்ஸின் ஆட்சியாண்டு பத்துக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கூறு ஏறத்தாழ 36 நாள். எரெக்தியான் செலவுக் கணக்கு அக்கூறுதோறும் எழுதப்பட்டது. அஃதாவது ஆண்டுக்குப் பத்து முறை. யார் எந்தத் தூணை வரி வெட்டினர், யார் எந்த உருவத்தைச் செதுக்கினர் என்று பெயர் பெயராக உள்ளது. ஓர் உருவத்துக்குப் பெரும்பாலும் 60 திராக்மா. சிறுமி ஒருத்தி அணைந்து நிற்கும் பெண்ணுருவத்துக்கு மட்டும் 80 திராக்மா. நிலைமை அறியப்பட்ட 86 பணியாளருள் 24 பேர் குடிமக்கள், 42 பேர் வந்தேறிகள், 20 பேர் அடிமைகள் என்று ஆராய்ந்தோர் எண்ணியுள்ளனர். நாட்கூலி மூவகையினர்க்கும் ஒரு திராக்மாவே. கட்டடக் கலைஞரின் ஊதியமும் நாளொன்றுக்கு ஒரு திராக்மாவே. அடிமையின் கூலி அவனுடைய ஆண்டானுக்கே சென்றிருக்கும் என்பது வேறு. கணக்கு ஏட்டில் சமம் இருந்தது, வாழ்வில் இல்லை.

அக்கணக்கில் இன்னொரு செலவும் உள்ளது. கணக்கின் படி எழுதுவதற்காக இரண்டு தாள்கள் வாங்கிய விலை 2 திராக்மா 4 ஓபோல். எழுதுபலகைகள் நான்கின் விலை 4 திராக்மா. கணக்கு எழுதிய தாளின் விலையையும் கணக்கில் எழுதிய நேர்மையை என்னென்பது! போரில் தோற்றுக்கொண்டிருந்த நகரம் அது. ஐந்தாண்டு கழியுமுன், கி.மு. 404-இல், பகைவரிடம் சரணடைந்தது. அந்நகரம் விட்டுச் சென்ற கோயிலும் நிற்கின்றது. அதன் கணக்கும் நிற்கின்றது.

அடுத்த நூற்றாண்டில் இம்முறை இன்னும் திருத்தமுற்றதை அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூலால் அறிகின்றோம். ஆட்சிக் கூறுதோறும் அதிகாரிகளின் கணக்கைப் பார்ப்பதற்கு மன்றத்தார் தம்முள் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தனர். பதவி முடிந்ததும் வேறு தணிக்கையாளர் முழுக் கணக்கையும் பார்த்தனர். இடைக்கணக்கும் இறுதிக்கணக்கும் இரண்டும் இருந்தன என்பது கருதத்தக்கது. இறுதித் தணிக்கை முடியும்வரை ஓர் அதிகாரி வெளிநாடு செல்லலாகாது. தன் சொத்தைத் தெய்வத்துக்கு அர்ப்பணிக்கவும் கூடாது. இவ்விரண்டாவது விதியைக் கேட்டு வியக்கின்றீர்களா? குறைவுபட்ட பணத்தைக் காணிக்கை என்னும் போர்வையில் மறைக்க இடங்கொடாமைக்காகவே அவ்விதி. தெய்வத்துக்குக் கொடுப்பதாயினும், கணக்குத் தீர்ந்த கையால் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர்.

பணக் கணக்கு மட்டும் போதாது. வேலையின் தரமும் பார்க்கப்படல் வேண்டும். கிரேக்க நாட்டில் லெபதேயா என்னும் ஊரில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சீயஸ் கோயிலுக்குக் கல்வேலை ஒப்பந்தம் ஒன்று எழுதப்பட்டது. அதன்படி ஒப்பந்தக்காரருக்குப் பணம் தவணை தவணையாகத் தரப்பட்டது. குறித்த அளவு வேலையைக் காட்டிய பிறகே அடுத்த தவணை. பத்தில் ஒரு பங்கு நிறுத்தி வைக்கப்பட்டது. முழு வேலையும் ஏற்கப்பட்ட பிறகே அது கிடைக்கும். கல்லின் முகம் சமமாக உள்ளதா என்று காணச் செங்காவி பூசிய சட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தனர். கல்லையும் கல்லையும் பிணைக்கும் இரும்பைப் பதித்து ஈயம் வார்ப்பதும் கோயில் மேற்பார்வையாளர் பார்க்கச் செய்ய வேண்டியதே. ஏனெனில் மேற்கல் ஏறிவிட்டால் உள்ளிருக்கும் பிணைப்பை யார் பார்க்க முடியும்? கட்டடத்தின் உயிர் பெரும்பாலும் மறைவிடத்தில் இருக்கின்றது. மறையுமுன் பார்க்கும் கண்ணே தணிக்கையின் கண்.

இவற்றைக் கேட்கும்போது, “நம் முன்னோர் இவ்வாறு செய்தனரா?” என்னும் வினா உங்கள் உள்ளத்தில் எழும். எழுதல் இயல்பே. கிரேக்கரைப் பார்த்து நம்மவர் கற்றனர் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் பொதுப்பணத்தைக் காக்க முனைந்த நல்லோர் எங்கும் ஒத்த வழியையே கண்டனர் என்பதற்குச் சான்று உண்டு.

உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921-இல் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைப் பலரும் குடவோலைத் தேர்தலுக்காகவே போற்றுவர். அவற்றில் வாரியப் பெருமக்களின் கணக்கைப் பற்றிய விதிகளும் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஏரியைக் காக்க ஏரி வாரியம், பொன்னைப் பார்க்கப் பொன் வாரியம் எனத் தனித்தனி வாரியங்கள் அமைந்தன. பதவிக் காலம் 360 நாள். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் இடப்படத் தகுதியற்றவர். இது இறுதிக்கணக்கைப் பற்றிய விதி. இதனினும் நுட்பமான விதி மற்றொன்று: வாரியம் செய்துகொண்டிருப்பவரிடம் குற்றம் காணப்பட்டால், கண்டபொழுதே அவரை நீக்க வேண்டும். 360 நாளும் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று அம்மகாசபை சொல்லவில்லை. ஏரிக்கரையில் ஓட்டை விழுந்தால், பதவிக்காலம் முடியும்வரை நீர் காத்திருக்குமா?

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு வருவோம். இராசராசப் பெருவேந்தன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், கி.பி. 1010-இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்தான். குடத்தின் நிறை 3083 பலம். அதன்மேற் போர்த்த பொன் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறரைக் கழஞ்சு. அரைக் கழஞ்சும் விடப்படவில்லை. அவ்வுயரத்தில் ஏறிய பின்னர் யார் நிறுப்பார்? அதே கோயிலின் அணிகலன்கள் ‘ஆடவல்லான்’ என்று பெருமானின் பெயரே பெற்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டன. மணிகளின் எண்ணிக்கை, முத்துகளின் வகை, சரடு முதலியன நீக்கிய நிறை எனப் பிரித்துப் பிரித்து விமானத்தின் கல்லிலேயே வெட்டப்பட்டன. பேரரசன் கொடுத்த பொருளாயிற்றே, அதை நிறுப்பது முறையா என்று அங்கு ஒருவரும் நாணவில்லை. நிறுக்கும் கல்லுக்கு இறைவன் பெயரை இட்டனர். நிறுத்தலும் வழிபாடே என்று கருதியதன் அடையாளமாக அதனைக் கொள்ளலாம்.

நம் காலத்திலும் இவ்வுணர்வு வேறு வடிவில் எழுந்தது. 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் இராசத்தான் மாநிலத்துக் கோட்கிரானா என்னும் சிற்றூரில் உழைக்கும் மக்கள் கூடினர். அரசுப் பணிகளின் கூலிப்பட்டியலை ஊரறிய உரக்கப் படித்தனர். வேலை செய்யாதவர் பெயர்களும் பட்டியலில் இருந்தது வெளிப்பட்டது. அவ்வியக்கம் வளர்ந்து, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்குத் துணை நின்றது. அதே ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், ஊர்ப்பணிகளைக் கிராம சபையே தணிக்கை செய்ய வகை செய்தது. 2017-இல் மேகாலயா மாநிலம் மக்கள் தணிக்கைக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. திட்டம் முடிந்த பிறகன்றி, நடக்கும்போதே மக்கள் குறைகண்டு திருத்த வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஆயினும் தணிக்கைக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. பார்த்தெனான் கணக்கு காசின் ஆறில் ஒரு பங்கைக் காட்டியது. ஆனால், கூட்டு நாடுகள் போருக்கென்று தந்த பணத்தில் ஏதென்ஸ் தன் கோயிலைக் கட்டலாமா என்னும் வினாவுக்கு அக்கணக்கு விடை கூறவில்லை. அவ்வினாவை அந்நகரத்திலேயே சிலர் எழுப்பினர். கழற்றி நிறுக்கத்தக்க பொன்னும் என்றும் காக்கப்படவில்லை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி லாக்கரிஸ் என்னும் கொடுங்கோலன் படைவீரர்க்குக் கூலி கொடுக்க அதனை உரித்தெடுத்தான். கணக்கு கள்வனைப் பிடிக்கும். பொருளின் அறத்தை நாமே ஆராய வேண்டும். மேலும், குறையைக் கண்டவுடன் காரணம் வினவாமல் பிரம்பை ஓங்கினால் என்னாகும் என்பதைப் பாண்டியன் கண்டான். அளவுகோல் முன்னும் ஆராய்ச்சி அடுத்தும் செல்ல வேண்டும். பிரம்பு கடைசியாக வரட்டும்.

இன்று எத்தனையோ ஊர்களில் திருப்பணிகள் நடைபெறுகின்றன. ஏழை கொடுத்த ஒரு ரூபாயும் செல்வர் கொடுத்த இலட்சமும் அவற்றில் கலந்து கிடக்கின்றன. குடமுழுக்கு முடிந்து, மலரிலே வரவு செலவு அச்சிடும் வழக்கம் நல்லதே. ஆனால் அப்பொழுது அடித்தளம் மண்ணுக்குள் சென்றிருக்கும். கல்லின் இணைப்பைச் சுதை மூடியிருக்கும். கலசம் மேலே ஏறியிருக்கும். ஆதலின் அடித்தளம் மூடுமுன் ஆழத்தை அளந்து எழுதுங்கள். கலசம் ஏறுமுன் செம்பையும் பொன்னையும் ஊரார் முன்னிலையில் நிறுங்கள். திங்கள்தோறும் வரவையும் செலவையும் கூலிப்பட்டியலையும் திருவாயிலில் எழுதி வையுங்கள். எழுத்தறியாதவரும் கேட்குமாறு ஒருவர் படிக்கட்டும். பொறுப்பு மாறும்போது முடிந்தது, முடியாதது, கிடப்பது மூன்றையும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. இரண்டு தாளின் விலைதான். அதனையும் கணக்கில் எழுதிவிடலாம்.

பூசலார் நாயனார் மனத்திலே கட்டிய கோயிலுக்குக் கணக்குத் தேவைப்படவில்லை. அங்கே கொடுத்தவரும் செலவிட்டவரும் கண்டவரும் ஒருவரே. நாம் கட்டுவதோ பலர் பணத்தால் கட்டும் கற்கோயில். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்று நம் முன்னோர் அச்சுறுத்தினர். அவ்வச்சம் நல்லவரைத்தான் தடுக்கும். வைகைக் கரையில் ஒருவர் முதுகில் விழுந்த அடி அனைவர்மேலும் பட்டதன்றோ? பொதுப்பணியில் ஒருவர் செய்யும் குறையும் அவ்வாறே அனைவர்மேலும் விழுகின்றது. ஆதலின் பார்க்கும் கடமையும் அனைவர்க்கும் உரியது. அக்கடமையை வெறுப்பின்றியும் அச்சமின்றியும் ஆற்றும் உள்ளத்தை எல்லாம் வல்ல பெருமான் நமக்கு அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.